28 கோடிப் பவுண்டு ஓடுபாதையும் வாரத்துக்கு 76 இருக்கையும்

ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் மேற்கே, தென் அட்லாண்டிக்கின் நடுவில் கிடக்கிறது செயின்ட் ஹெலினா. பரப்பு 122 சதுர கிலோமீட்டர். 2016 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 4,534. தனி நாடு இல்லை, பிரிட்டனின் கடல்கடந்த ஆட்சிப்பகுதி. ஆனால் தனி நிர்வாகம், தனிப் பவுண்டு நோட்டு, தனி பட்ஜெட் என ஒரு சிறு நாட்டுக்கு உள்ள தலைவலி எல்லாம் அதற்கும் உண்டு. நெப்போலியனை 1815இல் கொண்டுவந்து இறக்கி, 1821இல் அவர் சாகும்வரை காவலில் வைத்த தீவு என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். 2016இல் பிரிட்டிஷ் பத்திரிகைகள் அதற்கு இன்னொரு பட்டம் கொடுத்தன: உலகிலேயே எதற்கும் உதவாத விமான நிலையம் உள்ள ஊர்.

பட்டம் பொருந்துமா என்பதைக் கணக்கை விரித்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் செலவு. 2011 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் பேசில் ரீட் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. வடிவமைத்துக் கட்ட 20.15 கோடிப் பவுண்டு. எதிர்பாராச் செலவுக்கு 1 கோடி. பத்தாண்டு நடத்திக் கொடுக்க 3.51 கோடி. கூட்டினால் 24.66 கோடி. மற்ற இனங்களும் சேர்ந்து பிரிட்டிஷ் அரசு ஒதுக்கிய மொத்தத் தொகை 28.55 கோடி. தலைக்கு வகுத்தால் தீவுவாசி ஒருவருக்கு ஏறத்தாழ 63,000 பவுண்டு.

அவ்வளவு பணமும் எங்கே போனது என்று கேட்டால் மண்ணுக்குள் என்பதுதான் பதில். தீவில் சமதளம் என்று சொல்லிக்கொள்ள இருப்பது கிழக்கோரத்து பிராஸ்பரஸ் பே பகுதி. அதிலும் ஓடுபாதைக்கு நீளம் போதவில்லை. அதனால் டிரை கட் என்ற பள்ளத்தாக்கையே தூர்த்தார்கள். சுமார் 100 மீட்டர் உயரத்துக்குக் கொட்டிய பாறையும் மண்ணும் 80 லட்சம் கன மீட்டர். நம்மூர் மணல் கணக்கில் 100 கன அடி ஒரு யூனிட் என்றால், 28 லட்சம் யூனிட். ஒரு டிப்பரில் 10 கன மீட்டர் ஏற்றினால் 8 லட்சம் லோடு. இதற்கு முன்னால் துறைமுகத்திலிருந்து மேலே ஏற 14 கிலோமீட்டர் சாலை போட வேண்டியிருந்தது. கனரக வண்டிகளை இறக்க ரூபர்ட்ஸ் விரிகுடாவில் ஓர் இறங்குதுறையும் கட்டினார்கள். அதுவரை சரக்குக் கப்பல் எதுவும் இந்தத் தீவில் கரையோடு ஒட்டி நின்றதில்லை. பொறியியல் வேலை என்ற அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை காற்றில் இருந்தது. ஓடுபாதை கடல்மட்டத்துக்கு 310 மீட்டர் மேலே, செங்குத்தான பாறையின் விளிம்பில் இருக்கிறது. கடலில் இருந்து வரும் காற்று பாறையில் மோதி, சுழன்று, திசையையும் வேகத்தையும் சட்டென்று மாற்றிக்கொள்கிறது. விமானிகள் இதை ‘விண்ட் ஷியர்’ என்பார்கள். 2016 ஏப்ரல் 18 அன்று கோம்ஏர் நிறுவனத்தின் போயிங் 737-800 ஒத்திகைக்கு வந்தது. வடக்குப் பக்கமாக இறங்கப் பார்த்து, முடியாமல் மீண்டும் மேலெழும்பி, அப்புறம்தான் தரையைத் தொட்டது. இறக்கை இரண்டும் ஏறி இறங்கி ஆடும் அந்தக் காணொளியைத் தீவின் மக்கள்தொகையைப் போலப் பல மடங்கு பேர் பார்த்திருப்பார்கள். மே 21, தீவு கண்டுபிடிக்கப்பட்ட நாள். அன்று இளவரசர் எட்வர்ட் வந்து திறந்துவைப்பதாக இருந்த விழா தேதி குறிக்காமல் தள்ளிவைக்கப்பட்டது. காற்றின் பாதிப்பை முன்கூட்டியே பார்க்கத் தவறியதற்காக நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு அந்த ஆண்டு டிசம்பரில் அரசுத் துறையைக் கடுமையாகச் சாடியது.

பட்டம் ஒட்டிக்கொண்டது இந்த இடைவெளியில்தான். 2016 மே முதல் 2017 அக்டோபர் 14 வரை, ஏறத்தாழ 17 மாதம், கால அட்டவணைப்படி ஒரு பயணியும் அங்கே வந்து இறங்கவில்லை. (மருத்துவ அவசர விமானம் மட்டும் 2016 ஜூனிலேயே வந்துவிட்டது. உயிருக்குப் போராடும் நோயாளிக்கு அதுவரை கப்பல்தான் கதி. இந்த வரவைச் செய்தித்தலைப்பு எழுதியவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.) 2017 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவின் ஏர்லிங்க் நிறுவனம் சிறிய எம்ப்ரேயர் 190 விமானத்தோடு வாரம் ஒருமுறை ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து பறக்கத் தொடங்கியது. போக வரக் கட்டணம் சுமார் 800 பவுண்டு. அந்தச் செய்தி காணொளியளவுக்கு ஓடவில்லை. கெட்ட பேருக்கு இருக்கும் கால் நல்ல செய்திக்கு இருப்பதில்லை.

இனி இருக்கைக் கணக்கு. எனக்குச் சுவாரசியம் இங்கேதான். எம்ப்ரேயரில் நூற்றுக்கு ஒன்றிரண்டு குறைவாக இருக்கைகள் உண்டு. ஆனால் அக்கம்பக்கத்தில் மாற்று விமான நிலையமே கிடையாது. இறங்க முடியாவிட்டால் ஆப்பிரிக்கக் கரைக்கே திரும்ப எரிபொருள் வேண்டும். ஓடுபாதை, காற்று, எரிபொருள் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, 76 பேர் என்று வரம்பு வைத்தார்கள். 76 பெருக்கல் 52, ஆண்டுக்கு 3,952 இருக்கை.

முன்பு என்ன இருந்தது? ‘ஆர்எம்எஸ் செயின்ட் ஹெலினா’ என்ற அஞ்சல் கப்பல். 1990 முதல் ஓடியது, 156 படுக்கை. கேப்டவுனிலிருந்து ஐந்து இரவுப் பயணம், சுமார் மூன்று வாரத்துக்கு ஒரு நடை. ஆண்டுக்கு 17 நடை என்று கொண்டால் 2,652 படுக்கை. விமானம் கூட்டியது 1,300 இடம், அதாவது ஏறத்தாழ பாதி. 28.55 கோடியை 1,300ஆல் வகுத்தால் ஆண்டில் கூடுதலாகக் கிடைத்த ஓர் இடத்துக்கு 2,19,615 பவுண்டு. ஓடுபாதை 50 ஆண்டு உழைக்கும் என்று வைத்தாலும் ஓர் இடத்தின் விலை 4,392 பவுண்டு, டிக்கெட்டைப் போல ஐந்தரை மடங்கு. கப்பலுக்கும் வயதாகிவிட்டதால் எப்படியும் மாற்று தேடியே தீர வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பயணநேரம் ஐந்து நாளிலிருந்து ஆறு மணி நேரமாகச் சுருங்கியது இந்த வகுத்தலில் வராது. இரண்டு வார விடுப்பு மட்டும் உள்ளவர் முன்பு தீவைப் பார்க்க நினைத்திருக்கவே முடியாது.

அப்படியானால் ஓடுபாதை உதவாததா? இல்லை. அதன் பெயரில் கொடுத்த வாக்குதான் உதவாதது. 2042ஆம் ஆண்டில் 29,208 சுற்றுலாப் பயணிகள் வருவார்கள் என்று திட்டத்தில் கணக்குப் போட்டிருந்தார்கள். கடைசி எட்டுப் பேர் வரை துல்லியம்! 29,208ஐ 76ஆல் வகுத்தால் 385 விமானம், நாள்தோறும் ஒன்று போதாமல் மேலும் இருபது. அதிலும் ஒரு தீவுவாசிகூட ஏறக்கூடாது. ஆனால் ‘செயிண்ட்ஸ்’ என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் தீவு மக்களில் பலர் பிரிட்டன், அசென்ஷன், ஃபாக்லாந்து தீவுகளில் வேலை பார்க்கிறவர்கள். விடுமுறைக்கு வீடு வருகிறவர்களும் நெப்போலியன் வாழ்ந்த லாங்வுட் மாளிகையைப் பார்க்க வருகிறவர்களும் அதே 76 இருக்கையைத்தான் பங்கு போட வேண்டியிருந்தது. முதலில் திட்டமிட்ட போயிங்கே வாரம் ஒருமுறை 160 பேரோடு வந்திருந்தாலும் ஆண்டுக்கு 8,320தான்.

சரி, எப்படியோ வந்துவிட்டார்கள், எங்கே தங்குவார்கள்? ஆளுக்கு ஒரு வாரம் என்றால் எந்த நாளிலும் 562 விருந்தினர் தீவில் இருப்பார்கள். தலைநகர் ஜேம்ஸ்டவுனில் 2017இல் திறந்த மான்டிஸ் ஹோட்டலில் அறைகள் 30. கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளுக்காக 1774இல் கட்டிய குடியிருப்பு அது. இந்தியாவிலிருந்து இங்கிலாந்து திரும்பும் கம்பெனிக் கப்பல்கள் இங்கேதான் தண்ணீர் பிடித்தன. 1855இல் ஏறத்தாழ 1,100 கப்பல்கள் வந்துபோன துறை இது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது, 1889இல் எண்ணிக்கை 288. பிறகு நார்த் தொழிலை நம்பினார்கள். பிரிட்டிஷ் அஞ்சல் துறை செயற்கைக் கயிற்றுக்கு மாறியதும் 1966இல் அதுவும் படுத்தது. விமான நிலையத்தையும் சேர்த்தால், தொலைவில் யாரோ எடுக்கும் முடிவில் தீவின் வருமானம் நிற்பது இது மூன்றாவது தடவை.

கடைசியாக மானியம். விமான நிலையத்தின் நோக்கமே சுற்றுலா வளர்ந்து பிரிட்டனின் உதவித்தொகை குறைய வேண்டும் என்பது. 2016 வாக்கில் அந்த உதவி ஆண்டுக்குச் சுமார் 2.8 கோடிப் பவுண்டு. பயணி ஒருவர் தீவில் 1,000 பவுண்டு விடுவதாக ஓர் உத்தேசம் வைப்போம். 3,952 இருக்கையிலும் சுற்றுலாக்காரரே வந்தாலும் 39.5 லட்சம், உதவித்தொகையில் 14 விழுக்காடு. அந்தப் பணம் முழுதும் அரசுக் கஜானாவுக்குப் போவதும் இல்லை. கோடைக்காலத்தில் கேப்டவுனிலிருந்து கூடுதல் விமானம் விட்டுப் பார்த்தார்கள். ஆண்டு முழுக்க வாரம் இரண்டு விமானம் வந்தால் 7,904 இருக்கை. 29,208ஐத் தொட அப்போதும் 21,304 குறையும். பேர் கெட்டதால் வராமல் போனவர்கள் எத்தனை பேராயினும், அவர்கள் அத்தனை பேரும் மனம் மாறி வரிசையில் நின்றால் ஏற்றிவர இருப்பது இந்த விமானம்தான்.