பச்சைக் களிம்பும் பழைய மாண்டலினும்

பழைய மாண்டலினை வாங்குவோர் பெரும்பாலும் நாதத்தைக் கேட்டே விலை பேசுகின்றனர். ஆனால் அக்கருவி எவ்வாறு பேணப்பட்டது என்பதை அதன் உலோக உறுப்புகளே தெளிவாகக் காட்டுகின்றன. தலைப்பகுதியில், கடை வழக்கில் ‘கீ’ எனப்படும் எட்டுப் பிருடைகள் பக்கத்துக்கு நான்காக ஒரே தகட்டில் பொருத்தப்பட்டிருக்கும்; ஒவ்வொன்றிலும் திருகுவரித் தண்டு ஒன்று சிறு பற்சக்கரத்தைச் சுழற்றுவதால், விரல் பலமுறை திருக, தந்தி சுற்றிய தண்டு ஒருமுறைதான் சுற்றும். பல் தேய்ந்தால் திருகியதும் தந்தி அசையாமல் சற்று வெறுமையாகச் சுழலும். அந்த ஒன்றுக்காகத் தகடு முழுவதையும் மாற்ற நேரும்போது, புதிய தகட்டின் துளை இடைவெளி பழைய மரத்துளைகளோடு பொருந்தாமல் போவதும் உண்டு. எனவே மாற்றுவதற்கு முன் தண்டுகளின் நடுவிடைவெளியை அளந்துகொள்வது இன்றியமையாதது.

குதிரை எனப்படும் தந்திதாங்கி பல மாண்டலின்களில் ஒட்டப்படுவதில்லை. தந்திகளின் அழுத்தமே அதை நிறுத்துகிறது. எட்டுத் தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றுவோர், குதிரை நின்ற இடத்தைத் தொலைத்துவிட்டு, பன்னிரண்டாம் மெட்டில் அழுத்திய ஸ்வரம் திறந்த தந்தியின் மேல் ஸ்தாயியோடு சேராமல் திண்டாடுவர். பளபளப்பைக் கண்டு பலர் வெள்ளி என எண்ணும் மெட்டுகள், செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தவை. அவற்றில் வெள்ளி சிறிதும் இல்லை. பாலகொல்லுவில் 1969-இல் பிறந்து 2014-இல் மறைந்த மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், இரட்டைத் தந்திகளைக் கைவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகள் பூட்டிய மின் மாண்டலினில் வாசித்தவர். கமகத்துக்காகத் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது இரட்டைத் தந்திகள் ஒன்றுபோல் நகர்வதில்லை என்பதை எண்ணினால் அம்மாற்றத்தின் பயன் விளங்கும். அவ்வாறு இழுத்து வாசிக்கப்பட்ட கருவியில் மெட்டின் முகடு தட்டையாகத் தேய்ந்திருக்கும். எட்டுப் பிருடை இருந்தும் நான்கு தந்திகளே பூட்டப்பட்டிருப்பின், வேலையற்றுக் கிடந்த நான்கு பிருடைகளையும் திருகிப் பார்க்க வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய கவலை அடிமுனையில் இருக்கிறது. தந்திகளின் வளையங்களை மாட்டும் கொக்கித் தகடு பெரும்பாலும் பித்தளையின் மேல் நிக்கல் முலாம் பூசியது. வேலூரின் சத்துவாச்சாரியிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல் வேலை கைக்கெட்டும் தொலைவில் இருப்பதால், தோள்பட்டையையும் பெட்டியின் உள்விரிப்பையும் தோலால் செய்துகொள்வது இப்பகுதியில் இயல்பான ஆசை. ஆனால் ஆவாரம் பட்டை போன்ற தாவரத் துவர்ப்பால் பதனிட்ட தோலில் உள்ள அமிலமும், மென்மைக்காக ஏற்றிய எண்ணெயும், ஈரம் சேரும்போது முலாம் விட்ட இடத்துப் பித்தளையோடு வினைபுரிந்து பச்சைக் களிம்பை உண்டாக்குகின்றன. கொக்கியின் இடுக்கில் சேரும் இக்களிம்பு, நெடுநாள் விட்டால், உலோகத்தையே அரிக்கும். எட்டுத் தந்திகளின் இழுவை ஏறத்தாழ எழுபது கிலோவாக இருக்க, கொக்கி ஒடிவது சிறிய சேதம் அன்று.

குத்துவிளக்கைப் புளியால் துலக்கிப் பழகிய கைகள் இத்தகட்டையும் அவ்வாறே தேய்க்க முற்படும். மெல்லிய முலாம் அதில் உரிந்துபோவதுடன், புளிச்சாறு திருகாணித் துளைகளுக்குள் இறங்கி எஃகுத் திருகாணிகளைத் துருப்பிடிக்கச் செய்யும். தகட்டைக் கழற்றி, உலர்ந்த துணியாலும் மென்மையான தூரிகையாலும் துடைத்து, பற்சக்கரத்துக்கு ஊசிமுனையளவு எண்ணெய் இடுவதே போதுமானது. பழைய உறுப்புகளை முழுவதும் மாற்றுவதே பாதுகாப்பு என்போரும் உண்டு. பல் உடைந்த பிருடைக்கு அது சரியே, களிம்பு படிந்த தகட்டுக்கு அன்று. தோள்பட்டையைப் பருத்தியில் தைத்துக்கொள்வது நல்லது. தோல்தான் வேண்டும் என்றால், வாசித்து முடித்ததும் அதைக் கழற்றித் தனியே வைத்துவிடலாம்.