போலிப் புதுப்பிப்புக் கடிதங்கள்: நம் இணைய முகவரியைக் காப்பது எப்படி?

இணையதளம் நடத்தும் எந்த அமைப்புக்கும் ஒருநாள் இப்படியொரு மின்னஞ்சல் வரக்கூடும்: “உங்கள் டொமைன் பெயர் காலாவதியாகிறது. உடனே கட்டணம் செலுத்தாவிட்டால் அதை இழப்பீர்கள்.” அதில் தளத்தின் பெயர் சரியாக இருக்கும். காலாவதியாகும் தேதியும் சரியாக இருக்கும். விலைப்பட்டியல் எண், தொகை, பணம் செலுத்தும் இணைப்பு என அனைத்தும் முறைப்படி அமைந்திருக்கும். ஆனால் அனுப்பிய நிறுவனத்துக்கும் நமக்கும் எந்த ஒப்பந்தமும் இருக்காது.

இதைச் சில ஆயிரம் ரூபாய் இழப்பு என்று மட்டும் கருதிவிட இயலாது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழையும், 1907இல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழையும் தொடங்கினர். பிறர் ஏடுகளில் இடம் பெறாத நம் குரலுக்கு நாமே இடம் அமைத்துக்கொண்ட மரபு அது. இன்று அந்த இடங்களுள் ஒன்று இணையதளம். வன்கொடுமைகள் குறித்த கள ஆய்வு அறிக்கைகளும் தீர்ப்பு நகல்களும் அங்கே சேர்த்து வைக்கப்படுகின்றன. மனுக்களிலும் ஆணையங்களுக்கு அளிக்கும் புகார்களிலும் அந்த இணைப்புகள் மேற்கோளாகின்றன. பெயர் கைமாறினால் இந்த இணைப்புகள் செயலிழக்கும். அதனினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அப்பெயரில் இயங்கிய மின்னஞ்சல் முகவரிகளுக்கு இனி வருபவை புதிய உரிமையாளரிடம் போய்ச் சேரும். பாதிக்கப்பட்ட ஒருவர் நம்மை நம்பி அனுப்பும் வாக்குமூலமும் அவற்றுள் ஒன்றாக இருக்கலாம்.

தேதி அவர்களுக்கு எப்படித் தெரிகிறது?

டொமைன் பெயரை நாம் நிரந்தரமாக வாங்குவதில்லை. ஒரு பதிவு நிறுவனத்தின் வழியாகக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பதிவு செய்கிறோம். அந்த நிறுவனம் எது, பதிவு என்று முடிகிறது என்பவை பொதுப் பதிவேட்டில் எவரும் பார்க்கக்கூடிய தகவல்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தபின் உரிமையாளரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் பெரும்பாலும் மறைக்கப்படுகின்றன. காலாவதித் தேதி மறைக்கப்படுவதில்லை. நம் மின்னஞ்சல் முகவரியோ ‘தொடர்புக்கு’ என்ற பக்கத்தில் நாமே வெளியிட்டிருப்பது. ஆகவே தேதி சரியாக இருப்பது கடிதம் உண்மையானது என்பதற்குச் சான்றாகாது.

மூன்று வகைப் பொறிகள்

முதல் வகை, புதுப்பிப்பு என்ற போர்வையில் நம் பெயரை வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வது. ‘டொமைன் ரெஜிஸ்ட்ரி ஆஃப் அமெரிக்கா’ என்ற நிறுவனம் இத்தகைய கடிதங்களை அனுப்பியதாக அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2003இல் நடவடிக்கை எடுத்து, நீதிமன்றத் தடையாணை பெற்றது. இரண்டாம் வகை, ‘தேடுபொறியில் பதிவு’ போன்ற தேவையற்ற சேவைக்குப் பணம் கேட்பது. டொமைன் புதுப்பிப்பு போலத் தோன்றுமாறு அது எழுதப்பட்டிருக்கும். மூன்றாம் வகை, போலி நுழைவுப் பக்கத்துக்கு அழைத்துச் சென்று கடவுச்சொல்லைத் திருடுவது. மூன்றிலும் ஆபத்தானது இதுவே. கணக்கு போனால் பெயரும் போகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

விலைப்பட்டியல் ஒன்று வந்துவிட்டதாலேயே கடன் உருவாகிவிடாது. முன்மொழிவும் ஏற்பும் இன்றி ஒப்பந்தம் இல்லை என்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படை. நாம் கேட்காத சேவைக்கான கடிதத்துக்கு விடையளிக்கும் கடமையும் நமக்கு இல்லை. டொமைன் பெயர் சட்டப் பாதுகாப்புக்குரியது என்பதை ‘சத்யம் இன்ஃபோவே’ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இல் ஏற்றுக்கொண்டது. கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

ஆயினும் இத்தகைய கடிதங்கள் சிலவற்றின் அடியில் ‘இது விலைப்பட்டியல் அன்று’ என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்த ஒரு வரியையே அவர்கள் நீதிமன்றத்தில் எதிர்வாதமாக முன்வைப்பார்கள். அனுப்பியவர் அயல்நாட்டில் இருந்தால் வழக்கு மேலும் கடினமாகும். எனவே முன்னெச்சரிக்கையே வலுவான பாதுகாப்பு.

நாம் செய்ய வேண்டியவை

இந்த மோசடி நம் அறியாமையை நம்பியே நடக்கிறது. தளத்தைத் தொடங்கிய தோழர் வேறு ஊருக்குப் போயிருப்பார். மாணவர் அமைப்பெனில் படிப்பை முடித்து வெளியேறியிருப்பார். பதிவு நிறுவனம் எது என்று இப்போதைய பொறுப்பாளருக்குத் தெரியாது. அந்த நிலையில் எந்தக் கடிதமும் உண்மையாகவே தோன்றும். ஆகவே பதிவு நிறுவனத்தின் பெயர், கணக்குடன் இணைந்த மின்னஞ்சல், காலாவதித் தேதி, கணக்கைத் திறக்கும் அதிகாரமுள்ள இருவர் ஆகிய விவரங்களை எழுதி, அமைப்பின் ஆவணங்களோடு பாதுகாக்க வேண்டும். கடவுச்சொல்லை அத்தாளில் எழுதக் கூடாது. பதிவு தனிநபர் பெயரில் இருந்தால் அமைப்பின் பெயருக்கு மாற்ற வேண்டும்.

கணக்குக்குத் தரும் மின்னஞ்சல் அதே டொமைனில் இயங்குவதாக இருக்கக் கூடாது. பதிவு காலாவதியானால் எச்சரிக்கை மடலும் வந்து சேராது. இடமாற்றப் பூட்டையும் இரண்டு படிச் சரிபார்ப்பையும் இயக்கி வைக்க வேண்டும். எந்தக் கடிதம் வந்தாலும் அதிலுள்ள இணைப்பைத் தொடாமல், பதிவு நிறுவனத்தின் முகவரியை நாமே தட்டச்சு செய்து உள்ளே சென்று தேதியைப் பார்க்க வேண்டும்.

அவசரப்படவும் தேவையில்லை. டொமைன் பெயர்களை உலகளவில் ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் விதிப்படி, .காம், .ஆர்க் போன்ற பெயர்களுக்குப் பதிவு நிறுவனம் ஏறத்தாழ ஒரு மாதம் முன்னரும் ஒரு வாரம் முன்னரும் நினைவூட்ட வேண்டும். காலாவதியானபின் ஐந்து நாட்களுக்குள் மீண்டும் அறிவிக்க வேண்டும்.

ஏற்கெனவே பணம் செலுத்திவிட்டால், உடனே வங்கிக்கும் உண்மையான பதிவு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். கடவுச்சொல்லை மாற்றுங்கள். பெயரை வேறு நிறுவனத்துக்கு மாற்ற ஒப்புதல் கேட்டு மடல் வந்தால் மறுத்துவிடுங்கள். 1930 என்ற எண்ணிலோ, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ புகார் அளியுங்கள். மோசடி மின்னஞ்சலை அழிக்காதீர்கள். பணப் பரிமாற்ற விவரத்தோடு அதுவும் சான்றாகும்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்: நம் டொமைன் பெயர் யார் பெயரில் உள்ளது? எந்த நிறுவனத்தில் உள்ளது? என்று முடிகிறது? மூன்றுக்கும் அங்கேயே விடை கிடைக்காவிட்டால், அன்றைய கூட்டத்தின் முதல் தீர்மானம் அதைப் பற்றியதாகவே இருக்கட்டும்.