எரிமலைச் சாம்பலில் பிறந்த கருமண்: ஜப்பான் தேசத்து அஸோ மலைப் புல்வெளி

பயிரின் வளம் மண்ணின் குணத்தைப் பொறுத்தது. மண்ணின் குணமோ, அது பிறந்த கல்லையும், அதன்மேல் வளர்ந்த தாவரத்தையும், அதனை ஆண்டு வந்த மக்களின் வழக்கத்தையும் பொறுத்தது. இம்மூன்றும் ஒன்றுகூடி ஒரு மண்ணை எவ்வாறு உண்டாக்குகின்றன என்பதற்கு, ஜப்பான் தேசத்தின் தென்பாகத்தில் கியூஷூ தீவிலுள்ள அஸோ மலைப் புல்வெளி சிறந்த திருஷ்டாந்தமாகும். பார்வைக்கு மிகக் கரியதாயும், தொட்டால் மிருதுவாயும் இருக்கும் அம்மண், நெடுங்காலம் குடியானவர்களால் பயிருக்கு உதவாத மண்ணென்றே எண்ணப்பட்டு வந்தது. கருப்பாயிருப்பதெல்லாம் வளமான மண் என்று நினைப்போருக்கு இது வியப்பைத் தரலாம். அதன் காரணத்தை விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

இடமும் உற்பத்தியும்

அஸோ எரிமலை ஏறத்தாழ 90,000 வருஷங்களுக்கு முன் பெருஞ்சீற்றத்துடன் வெடித்து, தன் உட்பொருளை வெளியே கொட்டியதனால், மேற்பாகம் இடிந்து உள்ளே அமிழ்ந்தது. அதனால் உண்டான பெரும்பள்ளம் வடக்குத் தெற்கில் சுமார் 25 கிலோ மீட்டரும், கிழக்கு மேற்கில் சுமார் 18 கிலோ மீட்டரும் அகன்றது. பள்ளத்தின் தரையில் கிராமங்களும் நெல் வயல்களும் இருக்கின்றன. நடுவில் எழுந்த குன்றுகளுள் ஒன்றாகிய நகதாகே இன்னும் அணையவில்லை. 2016-ம் வருஷத்திலும் 2021-ம் வருஷத்திலும் அது வெடித்தது. பள்ளத்தைச் சூழ்ந்த வெளிவிளிம்பின் மேலும், நடுக்குன்றுகளின் சரிவுகளிலும் சுமார் 22,000 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 54,000 ஏக்கர், புல்வெளி பரந்துள்ளது.

எரிமலையினின்று பறந்து வீழ்ந்த சாம்பல் அடுப்புச் சாம்பலன்று. அது நுண்ணிய கண்ணாடித் துகளும் பாறைத் துகளுமாகும். உருகிய பாறை திடீரென்று குளிர்ந்தமையால் அக்கண்ணாடியின் அணுக்கள் ஒழுங்காக அமையவில்லை. ஆகவே மழைநீர் அதனைச் சீக்கிரத்தில் கரைத்துச் சிதைக்கிறது. அப்பொழுது வெளிப்படும் அலுமினியமும் மணற்சத்தும் கூடி, அல்லோபேன், இமோகொலைட் என்னும் மிக நுண்ணிய பொருள்களாகின்றன. முன்னது உள்ளீடற்ற உருண்டை வடிவினது. பின்னது குழாய் வடிவினது. இமோகொலைட்டை 1962-ம் வருஷத்தில் யோஷினாகா, அஒமினே என்னும் ஜப்பானிய அறிஞர் இருவர் முதன்முதல் விவரித்தனர். அதற்கு ஆதாரமான மண், அஸோ அடங்கிய அதே குமமோட்டோ மாகாணத்தின் ஹிதோயோஷிப் பிரதேசத்தில் எடுக்கப்பட்டது.

கனமும் ஈரமும்

இம்மண்ணின் முதற்குணம் கனமின்மை. சாதாரண வயல் மண்ணை, உள்ளபடியே கலைக்காமல் ஒரு லிட்டர் அளவு வெட்டி உலர்த்தி நிறுத்தால் ஒரு கிலோவுக்கு மேல் நிற்கும். எரிமலைச் சாம்பல் மண் 900 கிராமுக்கு மேற்படாது. பல இடங்களில் அதனினும் மிகக் குறையும். மண்ணின் கன அளவில் பெரும்பாகம் துவாரங்களாயிருப்பதே இதற்குக் காரணம். பெரிய துவாரங்கள் மழைநீரை விரைவில் உள்ளே இழுக்கின்றன. சிறிய துவாரங்கள் அதனைப் பிடித்து வைக்கின்றன. ஈரமான மண்ணை விரலிடையே அழுத்திப் பிசைந்தால், திடீரென்று வழவழப்பாகக் குழைந்து நீர் கசியும்.

நமது கரிசல் மண்ணுடன் இதனை ஒன்றாகக் கருதலாகாது. கரிசல், மழையில் உப்பி வெயிலில் பிளக்கும். ஈரத்தில் பிசினெனக் காலில் ஒட்டும். அஸோக் கருமண் அவ்வாறு ஒட்டுவதுமில்லை, அகன்று வெடிப்பதுமில்லை. ஆனால் ஒரு குறையுண்டு. முற்றிலும் காய்ந்துவிட்டால், முன்போல் நீரை ஏற்கும் சக்தி அதற்கு மீள்வதில்லை. பொடியாகிக் காற்றில் பறந்துபோகும். குளிர்காலத்தில் மண்ணினுள் உறையும் பனி, மேற்பரப்பைத் தூக்கி இளம் நாற்றின் வேரை அறுத்துவிடும். ஆகையால் புல் போர்த்திய வரையில் இது காப்புள்ள மண். புல் நீங்கினால் காப்பற்ற மண்.

கருநிறத்தின் காரணம்

ஜப்பானியர் இதனைக் ‘குரோபொகு’ என்பர். ‘குரோ’ என்பது கருமை. ‘பொகு’ என்பது நடக்கும்போது காலடியில் எழும் மெத்தென்ற ஓசையைக் குறிப்பதென்பர். 1947-ம் வருஷத்தில் ஜப்பானில் மண் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர்கள், ‘இருண்ட மண்’ என்று பொருள்படும் ஜப்பானியச் சொற்களைக் கொண்டே இவ்வினத்துக்கு ‘ஆண்டோ’ என்று பெயரிட்டனர். இன்று உலகெங்கும் எரிமலைச் சாம்பல் மண்ணினம் ‘ஆண்டோஸால்’ என்றே வழங்கப்படுகிறது.

இக்கருமை சாம்பலிலிருந்து வந்ததன்று, புல்லிலிருந்து வந்தது. நாணலைப் போன்று உயர்ந்து வளரும் ‘ஸுஸுகி’ என்னும் புல், வருஷந்தோறும் ஏராளமான வேரையும் தழையையும் மண்ணுக்குக் கொடுக்கிறது. அவை மக்கியுண்டாகும் மக்குச் சத்துடன் அலுமினியம் பிணைந்துகொள்வதால், கிருமிகள் அதனை எளிதில் தின்று தீர்க்க இயலாது. எனவே அது ஆயிரக்கணக்கான வருஷங்கள் தங்கிச் சேர்கிறது. அருகில் காடு நெடுங்காலம் நின்ற இடங்களில் அதே சாம்பல் மண் இத்துணைக் கருமை அடைவதில்லை. மண்ணடுக்குகளில் கிடைக்கும் கரித்துகளையும் புல்லின் நுண்ணிய மணற்கூறுகளையும் ஆராய்ந்தோர், அஸோவின் சில பாகங்கள் 10,000 வருஷங்களுக்கு மேலாகப் புல்வெளியாகவே இருந்தன என்று கண்டிருக்கின்றனர்.

மணிச்சத்தைப் பூட்டிவைக்கும் குணம்

இத்துணை மக்குச் சத்து இருந்தும் பயிர் ஏன் செழிக்கவில்லை? மக்கைக் காக்கும் அதே அலுமினியம், மணிச்சத்தையும் இறுகப் பற்றிக்கொள்வதுதான் காரணம். இட்ட பாஸ்பேட் உரத்தின் பெரும்பாகம் வேருக்கு எட்டுமுன்னரே பூட்டப்பட்டுவிடுகிறது. பெட்டியில் பணமிருந்தும் திறவுகோல் இல்லாதவன் நிலைமை பயிருக்கு நேரிடுகிறது. அன்றியும், மிகுந்த மழை சுண்ணாம்புச் சத்தை அரித்துச் செல்வதால் மண் புளிப்படைகிறது.

ஜப்பானியர் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் இக்குறையைப் பரிகரித்தனர். சுண்ணாம்பிட்டுப் புளிப்பை அடக்கினர். பாஸ்பேட் உரத்தைத் தாராளமாக இட்டனர். தொழுவுரமும் கூட்டெருவும் சேர்த்தனர். மக்கும் எரு அலுமினியத்தின் பிடியைத் தளர்த்தும். உரத்தை வயலெங்கும் தூவாமல் விதையின் அருகில் சாலில் இடுவது, அது மண்ணுடன் அதிகம் கலந்து பூட்டப்படுவதைக் குறைக்கும். இவ்வாறு, உதவாதென்று ஒதுக்கப்பட்ட கருமண் பல இடங்களில் நல்ல காய்கறித் தோட்டமாயிற்று.

தீயும் கூட்டு முயற்சியும்

புல்லை அப்படியே விட்டால், அஸோவின் மழைக்குச் சில வருஷங்களில் புதரும் பின்னர் காடும் மூடிவிடும். ஆகையால் வசந்தத் தொடக்கத்தில் காய்ந்த புல்லைக் கொளுத்துகின்றனர். தீ விரைவாகக் கடந்து செல்வதால் மண்ணுள் சில அங்குல ஆழத்தில் சூடு அதிகம் ஏறுவதில்லை. வேர் பிழைத்துத் துளிர்க்கிறது. துளிர்த்த புல்லைச் செந்நிற மாடுகள் வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை மேய்கின்றன. அறுத்த புல் குளிர்காலத் தீவனமாயிற்று. மாட்டெருவோடு சேர்ந்து பள்ளத்தாக்கின் நெல்வயலுக்கும் சென்றது. மலையின் சத்து வயலுக்கு இறங்கிய வழி இதுவே.

இப்புல்வெளியில் பெரும்பாகம் கிராமத்தாரின் பொது உரிமைக்கு உட்பட்டது. மேய்ச்சல் சங்கங்கள் அதனை நிர்வகிக்கின்றன. கொளுத்துவதற்கு முன், இலையுதிர் காலத்தின் தொடக்கத்தில் எல்லையோரப் புல்லை அறுத்துத் தீத்தடுப்புப் பாதை அமைத்தல் வேண்டும். செங்குத்தான சரிவில் இது கடினமான வேலை. தனிக் குடும்பத்தால் ஆகாதது. தீயும் ஓரிடத்தில் நில்லாது. ஒருவன் தன் எல்லையை அசட்டை செய்தால் அயலான் தோப்பும் மனித உயிரும் போகும்.

நேர்ந்துள்ள அபாயம்

இன்று அங்கே மாடு வளர்ப்போர் குறைந்துவிட்டனர், இளைஞர் பட்டணம் சென்றனர், எஞ்சியோர் முதியோர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த புல்வெளியில் பாதிக்கு மேல் தோப்பாகவும் புதராகவும் மாறிவிட்டது. ஓரிரு வருஷம் கொளுத்தாமல் விட்டால் காய்ந்த புல் தடித்துச் சேர்ந்து, அடுத்த தீ அடக்க முடியாததாகிறது; அதற்கு அஞ்சி மேலும் விட்டுவிடுகின்றனர். 1999-ம் வருஷம் முதல் பட்டணத்துத் தொண்டர்கள் பயிற்சி பெற்று வந்து உதவி வருகின்றனர். 2013-ம் வருஷத்தில் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் இம்முறையை உலகப் பாரம்பரிய விவசாய முறைகளுள் ஒன்றாக அங்கீகரித்தது.

இதில் பட்டணத்துக்கும் பங்குண்டு. மலையடியிலுள்ள குமமோட்டோ நகரத்தின் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் குடிப்பது நிலத்தடி நீர். அஸோப் பக்கத்து மழையை மண் உறிஞ்சுவது அந்நீருக்கு ஆதாரம். எனினும் புல் மட்டும் சகல ஆபத்தையும் தடுக்குமென்று எண்ணலாகாது. 2012-ம் வருஷம் ஜூலை மாதத்தில் ஓரிரவுப் பெருமழையாலும், 2016-ம் வருஷம் ஏப்ரல் மாதத்து பூகம்பத்தாலும் செங்குத்தான சாம்பல் மண் சரிவுகள் பல, புல்லிருந்த இடத்திலும் மரமிருந்த இடத்திலும் பெயர்ந்து வீழ்ந்தன.

நாம் அறியத் தக்கவை

நமது நீலகிரியில் எரிமலையில்லை. ஆயினும் அதன் உயர்ந்த புல்வெளிகளின் கருமண்ணில், மக்கும் அலுமினியமும் இதேபோல் பிணைந்து ஆண்டோஸாலின் குணங்கள் காணப்படுவதாக ஆராய்ச்சியாளர் தெரிவித்துள்ளனர். ஆகவே இவ்விஷயம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

சங்க அங்கத்தினர்கள் இதிலிருந்து மூன்று விஷயங்களைக் கருத்தில் கொள்ளலாம். முதலாவது, நிறத்தைக் கண்டு மண்ணை மதிப்பிடாமல், பரிசோதித்தறிந்த பின்னரே உரத்துக்குப் பணம் செலவிடுதல். இரண்டாவது, மலைச்சரிவின் புல்லைப் பெயர்க்குமுன், அடியிலுள்ள மண் வெயிலையும் காற்றையும் தாங்குமா என்று ஆலோசித்தல். மூன்றாவது, பொது மேய்ச்சல் நிலத்தை உரிமையாக மட்டும் கருதாமல் கடமையாகவும் கொள்ளுதல். அஸோவின் கருமண்ணைச் சேர்க்க ஆயிரக்கணக்கான வருஷங்கள் ஆயின. அதனைக் காக்கும் புல்வெளி குலைவதற்கோ, ஊரார் ஒன்றுகூடி வேலை செய்வதைச் சில வருஷங்கள் நிறுத்தினாலே போதும்.