உப்பு விளையும் கரை: மரக்காணம், ஆலம்பரை பயணம்

ஒரு நாள் கடையை அடைத்தால் வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார் என்ற அச்சம் நம் வணிகப் பெருமக்களில் பலருக்கு உண்டு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான வெளியூர் மக்கள் நம் திருவண்ணாமலைக்கு வந்து போவதைப் பார்க்கிறோம். நாம் மட்டும் கல்லாப்பெட்டியை விட்டு நகர்வதில்லை. அப்படியே குடும்பத்தோடு கடற்கரைக்குக் கிளம்பினாலும் புதுச்சேரி, மாமல்லபுரம் என்ற இரண்டே பெயர்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. இந்த இரண்டுக்கும் நடுவே கூட்டம் அதிகமில்லாத ஒரு நீண்ட கரை கிடக்கிறது. நம் ஊரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம்தான். வணிகர்கள் பார்க்க வேண்டிய இடம் அது என்பதற்குக் காரணம் உண்டு. அங்கே பார்ப்பதெல்லாம் உப்பு, படகு, நாணயம் என்று வியாபாரத்தின் வரலாறாகவே இருக்கிறது.

கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சாலை. செஞ்சிக் கோட்டையைப் பற்றி இங்கே விரிக்கப் போவதில்லை. நம்மில் பலர் ஏறிப் பார்த்ததுதான். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் அதையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது என்பதை மட்டும் சொல்லி மேலே போகலாம். திண்டிவனம் தாண்டி மரக்காணம் சாலையில் பெருமுக்கல் மலை வரும். உச்சியில் சிவாலயமும், இடிந்த கோட்டைச் சுவர்களும், அவற்றைவிடப் பல ஆயிரம் ஆண்டு பழைய பாறைக் கீறல்களும் உள்ளன. சிறுவர்களோடு போகிறவர்கள் வெயிலுக்கு முன் ஏறி இறங்கிவிடுவது நல்லது.

மரக்காணம் நெருங்கும்போதே சாலையோரம் வெள்ளைக் குவியல்கள் தெரியும். பாத்தி பாத்தியாக உப்பளம். உப்பு விற்கிற நமக்கு, அது விளைகிற விதம் தெரிந்திருப்பது நல்லது. கடல் நீரில் உப்புப் பொருட்கள் நூற்றுக்கு மூன்றரை பங்குதான். அந்த நீரை முதலில் பெரிய தேக்கங்களில் விட்டு வெயிலிலும் காற்றிலும் சுண்ட வைக்கிறார்கள். முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிந்து பிரிகின்றன. நன்றாகச் சுண்டிய நீரைச் சிறு பாத்திகளுக்குக் கொண்டுவந்தால் அங்கேதான் உப்பு மணியாகிறது. மரப்பலகையால் வாரி வரப்பில் குவித்து வடிய விடுகிறார்கள். பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் அதிகம். அதை உரிய நேரத்தில் வெளியேற்றாமல் கடைசிவரை வற்றவிட்டால், கசப்பும் உப்போடு சேர்ந்து வந்துவிடும். காற்றின் ஈரத்தை இழுப்பது அந்த மக்னீசியக் குளோரைடுதான். மழைக்காலத்தில் ஒரு மூட்டை உப்பு கசிந்து கோணியை நனைப்பதும், பக்கத்து மூட்டை காய்ந்தே இருப்பதும் ஏன் என்று குழம்புகிறவர்களுக்கு விடை பெரும்பாலும் பாத்தியிலேயே இருக்கிறது.

இந்த வேலை தை, மாசி வாக்கில் தொடங்கிப் பருவமழை வரும்வரை நடக்கும். ஒரு நல்ல மழை போதும், பாத்தியில் இருப்பதெல்லாம் கரைந்துவிடும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலை நாம் யாரும் மறக்கவில்லை. மறுநாள் நம் மலையில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின. அதே மழையில்தான் மரக்காணத்து உப்பளங்களும் முழுகின. உப்பளத் தொழிலாளர்க்கு ஆண்டில் சில மாதம் கூலியே கிடையாது. புயல் ஆண்டில் அது இன்னும் நீளும். உப்பு விலையில் ஒரு ரூபாய் ஏறினால் மொத்த வியாபாரியோடு வாதாடுகிற நாம், சித்திரை வெயிலில் வெறுங்காலோடு உப்பு வாருகிறவர்களை ஒரு முறை நேரில் பார்ப்பது தகும்.

ஓர் எச்சரிக்கை. விலை மலிவு என்று அளத்திலிருந்தே இரண்டு மூட்டை ஏற்றிவந்து கடையில் சமையலுக்கு விற்க நினைக்க வேண்டாம். அயோடின் சேர்க்காத உப்பை நேரடியாக உண்பதற்கு விற்பது 2006 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளது. சில்லறைக் கடையில் பத்து லட்சத்துக்கு 15 பங்கு அயோடின் குறையாமல் இருக்க வேண்டும் என்பது விதி.

ஊருக்குள் பூமீசுவரர் கோயில், சோழர் காலத்தது. சுவரெங்கும் கல்வெட்டுகள். ஆனால் உப்பின் கதை சோழருக்கும் முந்தியது. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பழைய கிரேக்க மாலுமி ஒருவரின் குறிப்பில் வரும் சோபட்மாவும் இதுவே என்பர். அந்த நூலே ஒருவகையில் பயண வழிகாட்டிதான். பரிசு பெறப் போகும் பாணனுக்கு, இந்தக் கரையில் சுட்ட மீனும் தேறலும் கிடைக்கும் என்று வழி சொல்கிறது. வண்டி கட்டி உப்பு விற்கப் போகும் உமணரையும் அது மறக்கவில்லை. நம் தொழிலில் நமக்கு முன்னோர் அவர்கள்.

பிற்காலத்தில் மாட்டு வண்டியின் இடத்தைப் படகு பிடித்தது. ஆந்திரத்திலிருந்து கரையோரமாகவே சுமார் 420 கிலோமீட்டர் வரும் பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்தில்தான் முடிகிறது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் இவ்வழியே சென்னைக்குப் போயின. 1965, 1966 புயல்களில் கால்வாய் பெரிதும் சேதமடைய, லாரிகள் மிச்ச வேலையை முடித்துவிட்டன.

அருகே கழுவேலி. கடல் நீரும் மழை நீரும் கலக்கும் பெரும் சதுப்பு ஏரி. 2021-இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. கார்த்திகை முதல் மாசி வரை வெளிநாட்டுப் பறவைகளைக் காணலாம். இதில் ஒரு சங்கடம்: பறவை நிறைய இருக்கும் மாதங்களில் உப்பளம் ஓய்ந்திருக்கும், உப்பளம் மும்முரமான மாதங்களில் பறவை போய்விடும். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டுமானால் பிப்ரவரியில் போவதே உத்தமம்.

மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே கடப்பாக்கம் போய், கடலை நோக்கித் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. செங்கல் சுவர்கள் பாதி மணலில் புதைந்து கிடக்கின்றன. கோட்டைக்கு முன்னே உப்பங்கழி, அதற்கப்பால் மணல் திட்டு, பிறகுதான் கடல். முகலாயர் காலத்தில் எழுந்த இந்தக் கோட்டையில் படகுத் துறையும் நாணயச் சாலையும் இருந்தன. ஜரிகைத் துணி, உப்பு, நெய் ஆகியவை இங்கிருந்து கப்பலேறின. 1750-இல் முசாபர் ஜங் இதைப் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்குக் கொடுத்தார். பத்தே ஆண்டில் அது கைமாறியது. அதற்குக் காரணமான போர் நடந்தது நம் மாவட்டத்து வந்தவாசியில்! 1760 ஜனவரி 22 அன்று அங்கே பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்த ஐர் கூட், சேத்துப்பட்டு, ஆற்காடு என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு பெருமுக்கல் வழியே இங்கு வந்தார். கோட்டையைப் பிடித்த ஆங்கிலேயர் அதை இடித்தும் போட்டனர். இன்று நாம் பார்ப்பது அவர்கள் விட்ட மிச்சம். அதையும் உப்புக் காற்று தின்றுகொண்டிருக்கிறது. சுவர்மேல் ஏறிப் படம் எடுக்கும் பிள்ளைகளைப் பெற்றோர் தடுக்க வேண்டும். செங்கல் உதிர்கிறது, கால் தவறினால் ஆபத்து.

உள்ளூர் மீனவர்கள் கழியைக் கடக்கப் படகு விடுகிறார்கள். கட்டணத்தை ஏறுமுன் பேசிக்கொள்ளவும்; மிதவை அங்கி இல்லாத படகில் ஏற வேண்டாம். கழி கடலில் சேரும் முகத்துவாரத்தில் இழுப்பு அதிகம், குளிக்கக் கூடாது. கோட்டைக்குள் நிழல் கிடையாது. குடிநீரும் கட்டுச்சோறும் வீட்டிலிருந்தே கொண்டுபோவது நலம். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் பெருமுக்கல், உப்பளம், கோயில் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்த பின் கோட்டையில் ஒரு மணி நேரம் இருந்து, இரவு ஒன்பதுக்குள் ஊர் திரும்பிவிடலாம். பௌர்ணமி நாளை மட்டும் தவிர்க்கவும். அன்று செஞ்சிச் சாலையில் நம் ஊருக்குள் வண்டி நுழையவே பெரும்பாடு, கடையிலும் ஆள் வேண்டும்.