பாறை மண்ணாவது எப்படி?

மேட்டை வெட்டித் தோட்டப் பாதை போட்டிருக்கும் இடத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மேலே சில அங்குலம் கருத்த மண். அதன் கீழே ஆள் உயரத்துக்கும் மேல் செம்மண். சில இடங்களில் அந்தச் செம்மண்ணுக்குள் பெரிய பானைகளைப் போல உருண்ட கற்கள் புதைந்திருக்கும். அவற்றை யாரும் அங்கே கொண்டுவந்து போடவில்லை. சுற்றியிருந்த பாறையெல்லாம் மண்ணாகிவிட, மிஞ்சி நின்றவை அவை.

தீபகற்ப மலேசியாவின் முதுகெலும்பான தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல். பூமிக்குள் குழம்பாக இருந்து, ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன் இறுகிய கல். உடைத்துப் பார்த்தால் கண்ணாடி போன்ற படிகக்கல், வெளுத்த பெல்ஸ்பார், மினுமினுக்கும் காக்காய்ப்பொன் ஆகிய மூன்றும் அதில் தெரியும்.

இத்தனை கெட்டியான கல்லைக் கரைப்பது எது? மழைநீர்தான். காற்றிலும் மக்கும் இலைகளிலும் உள்ள கரியமிலவாயு மழைநீரில் கலக்கும்போது அதற்கு இலேசான புளிப்பு ஏறுகிறது. சோடாவில் நுரைப்பதும் இதே வாயுதான். அந்த நீர் பாறை வெடிப்புகளில் இறங்கி, பெல்ஸ்பாரைக் களிமண்ணாக்குகிறது. காக்காய்ப்பொன்னில் உள்ள இரும்பு துருவேறுகிறது. மழையில் கிடந்த மண்வெட்டியின் துருவும் செம்மண்ணின் நிறமும் ஒரே இனம். படிகக்கல் மட்டும் எதற்கும் மசியாமல் மணலாக உதிர்கிறது. வெடிப்புகளுக்கு நடுவே உள்ள கல்லின் மூலைகளைத் தண்ணீர் பல பக்கமிருந்தும் அரிப்பதால்தான் மிச்சக் கல் உருண்டையாகிறது.

நம் நாட்டின் வெயிலிலும் மழையிலும் பாறை பல பத்தடி ஆழத்துக்கு இப்படி இற்றுப்போகிறது. ஆனால் அதே மழை, சுண்ணாம்பு, பொட்டாஷ் முதலிய சத்துகளையும் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. செம்மண் ஆழமாக இருந்தாலே பயிர் செழிக்கும் என்பாரும் உண்டு. நாம் ஒப்ப மாட்டோம். பயிருக்குச் சோறு போடுவது பெரும்பாலும் இலைதழை மக்கிய அந்தக் கருத்த மேல்மண்தான். அதில் ஓர் அங்குலம் சேர நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். மூடாத சரிவில் அதை இழக்கச் சில மழைக்காலம் போதும்.

ஆரம்ப காலத்தில் ரப்பர் தோட்டங்களில் ஒரு புல்லும் இல்லாமல் செதுக்கி வைப்பதே நல்ல வேலை எனக் கருதப்பட்டது. நம் பாட்டன் பாட்டிமார் கூலிக்குச் செதுக்கிய சரிவுகளில் மேல்மண் ஆற்றோடு போயிற்று. பிறகுதான் மரங்களுக்கிடையே அவரை இனத்துக் கொடிகளைப் படரவிட்டார்கள். அக்கொடிகள் மழையின் அடியைத் தாங்குவதோடு, வேர் முடிச்சுகளால் காற்றின் தழைச்சத்தையும் மண்ணில் சேர்க்கின்றன.

வீட்டுக்குப் பின்னால் சரிவில் மரவள்ளி போடுவோர் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே பிடிக்கலாம். பிடுங்கிய புல்லைக் கொளுத்தாமல் அங்கேயே பரப்பி வைக்கலாம்.