டாங்கியை இழுக்கும் டாங்கி: இரண்டு கிட்டில் ஒரு மாடல் செய்வது எப்படி?

போர்க்களத்தில் சேற்றில் சிக்கிய டாங்கியை யார் மீட்பது? 2-ம் உலகப் போரில் ஜெர்மனிக்கு இது பெரிய தலைவலி. டைகர் டாங்கியின் எடை சுமார் 57 டன். அதை நகர்த்த இரண்டு, மூன்று இழுவை வண்டிகள் சேர்ந்து மூச்சுத் திணறின. 1943-ல் வந்த தீர்வுதான் 'பெர்கெபாந்தர்': பீரங்கி இல்லாத பாந்தர் டாங்கி. உள்ளே 40 டன் இழுக்கும் வின்ச், பின்னால் மண்ணில் ஊன்ற ஒரு இரும்புத் தகடு.

கிட்பேஷிங் என்றால் என்ன?

வெவ்வேறு கிட் பாகங்களைச் சேர்த்து ஒரே மாடலாக்குவது. உடலும் சக்கரங்களும் பாந்தர் கிட்டிலிருந்து. கருவிகள், கொக்கிகள் இன்னொரு கிட்டிலிருந்து. மேலே வரும் மரப்பெட்டிக்கு மெல்லிய பிளாஸ்டிக் தகடு, கேபிளுக்கு முறுக்கிய செம்புக் கம்பி போதும்.

எங்கே சொதப்பும்?

முதலில் அளவு. 175 செ.மீ. உயர வீரர் 1/35 ஸ்கேலில் 5 செ.மீ.; 1/32-ல் கிட்டத்தட்ட 5.5. பக்கத்தில் வைத்தால் கண் உடனே கண்டுபிடிச்சிடும்.

அடுத்தது வகை. பாந்தர் டி, ஏ வகைகளின் முன் தகட்டில் ஓட்டுநருக்கான திறப்பு உண்டு, ஜி-யில் கிடையாது. இரண்டையும் கலந்தால் அப்படியொரு வண்டி வரலாற்றிலேயே இல்லை.

மூன்றாவது, பின்தகடு. அது மண்ணில் ஊன்றாவிட்டால், வின்ச் சுற்றும்போது சிக்கிய டாங்கிக்குப் பதில் மீட்க வந்த வண்டியே பின்னால் சறுக்கும். எனவே தகடு தரைவரை இறங்கணும். கேபிளும் பின்பக்கமாகத்தான் வெளியே வரணும்.

பசை போடும் முன் பாகங்களை வெறுமனே பொருத்திப் பார்த்து ஒரே கேள்வி கேட்டால் போதும்: நிஜத்தில் இது இழுக்குமா?