சிறுமலைக்கு வேண்டியது நோயில்லாத கன்று

திண்டுக்கல்லில் வாழைப்பழம் ஏலம் போகும் சந்தைக்குப் பெயரே 'சிறுமலை செட்'. பெயர் கொடுத்த மலை, ஊரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், 18 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருக்கிறது. அங்கே வெள்ளிமலை உச்சியில் சிவன் கோயில். மலைமேல் அகஸ்தியபுரம், பழையூர், புதூர், தென்மலை என்று சிற்றூர்கள். காபி, மிளகு, எலுமிச்சை, பலா, சௌசௌ எல்லாம் இங்கே விளைகின்றன. ஆனாலும் சிறுமலையின் அடையாளம் மலைவாழைதான். நீர்ச்சத்து குறைந்த பழம். தோல் கறுத்துச் சுருங்கினாலும் உள்ளே கெடாது.

பல தோட்டங்களுக்கு இன்றும் லாரி போகாது. ஒற்றையடிப் பாதையில் குதிரைகள்தான் விளைச்சலைச் சுமந்துவந்து சாலையில் சேர்க்கின்றன. பொங்கலையொட்டி அந்தக் குதிரைகளைக் குளிப்பாட்டி, அலங்கரித்து, அந்தோணியார் கோயிலுக்கு ஓட்டிவந்து மந்திரித்துச் செல்கிறார்கள். உழவனுக்கு மாடு எப்படியோ, இவர்களுக்குக் குதிரை அப்படி.

இந்த வாழ்க்கையை உலுக்கியது முடிக்கொத்து நோய். இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடுகள் தெரியும். பிறகு இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நிற்கும். அந்த மரம் அதோடு சரி, தார் போடாது. இது வைரஸ் நோய்; பரப்புவது அசுவினிப் பூச்சி. சமவெளியில் ஓரிரு அறுவடைக்குப் பின் தோட்டத்தை அழித்துப் புதிதாக நடுவார்கள்; மலையில் அதே கட்டையிலிருந்து பக்கக்கன்று விட்டு ஆண்டுக்கணக்கில் வளர்ப்பார்கள். அதனால் தாய்மரத்தின் நோய் கன்றுக்கும் வந்துவிடுகிறது. மருந்து கிடையாது, வேரோடு பிடுங்கி அழிப்பது ஒன்றே வழி. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் மலைவாழைத் தோட்டங்கள் பெருமளவில் அழிந்தது இப்படித்தான்.

2008-09இல் சிறுமலை மலைவாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் நடுவதற்கு நல்ல கன்று இல்லாத விவசாயிக்கு அந்தச் சான்றிதழால் என்ன பயன்? வைரஸ் இல்லையென்று சோதித்த திசுவளர்ப்புக் கன்றுகள், பருவம் தவறாமல், மலையூர்களுக்கே வந்து சேர வேண்டும். ஒருவர் மட்டும் நட்டுப் பயனில்லை. பக்கத்துத் தோட்டத்தில் நோய்மரம் நின்றால் பூச்சி இங்கும் வரும். ஊர்கூடிப் பிடுங்க வேண்டும், பிடுங்கிய மரத்துக்கு அரசு ஈடு தர வேண்டும்.

இது மலைக்காரர்கள் பாடு மட்டுமல்ல. கீழே, பாலமேடு பக்கம் வயலுக்குப் பாயும் சாத்தையாறு இந்த மலையில்தான் பிறக்கிறது. மலையில் மரம் நின்றால்தான் ஆற்றில் நீர் நிற்கும். நிழல்மரங்களுக்கடியில் வாழையும் காபியும் கட்டுப்படியாகும்வரை அந்த மரங்கள் நிற்கும். கட்டுப்படியாகாத நிலம் விலைக்குப் போகும். தோட்டம் இருந்த இடத்தில் விடுதி எழும். மலைவாழையைக் காப்பாற்றும் செலவு, கீழே உள்ள வயல்களுக்கும் சேர்த்துச் செய்யும் செலவு.